நிலமும் பறவையும் தீட்டிய எட்வர்டு லியர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், சிறுவர் ஓவியப் போட்டிப் பரிசளிப்பின்போது ஆற்றிய உரை)



இவ்வாண்டு ஓவியப் போட்டிக்கு நடுவராக இருக்கும் பொறுப்பைச் சங்கத்தார் நமக்கு அளித்தனர். 'இயற்கைக் காட்சி' என்பது தலைப்பு. வந்தவை 41 படங்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றில் இரண்டு முக்கோண மலைகளும், அவற்றினிடையே எழும் சூரியனும், ஒரு தென்னையும், ஒரு குடிசையும் இருந்தன. கல்கத்தாவில் பிறந்து, ஏரிக்கரையில் விளையாடி, ஆலமரமும் குளமும் கண்டு வளரும் நம் குழந்தைகள், இந்த மலைகளை எங்கே கண்டனர்? நாட்காட்டியிலே கண்டிருத்தல் வேண்டும்.

முதற்பரிசு பெற்ற படமோ முற்றுப்பெறாத படம். போட்டி நடந்த கூடத்தின் சன்னலில் ஒரு காகம் வந்து அமர்ந்திருக்கிறது. அதனை ஒரு சிறுமி வரைந்தாள். பாதிக்கு மேல் வண்ணமே இல்லை. நேரம் போதாமையால், வண்ணம் வைக்க வேண்டிய இடங்களில் "இங்கே கறுப்பு", "கழுத்து சாம்பல்", "வெயில் பட்டால் நீலம்" என்று பென்சிலால் எழுதி வைத்துவிட்டாள். முடிவை அறிவித்ததும் பெற்றோர் சிலர் முகம் வாடினர். பெரியவர் ஒருவர் நம்மிடமே வந்து, "முடிக்காத படத்துக்கு முதற்பரிசா? கணக்கைப் பாதியில் விட்டு வந்தால் மதிப்பெண் கொடுப்பார்களா?" என்று வினவினார். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக, ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன் இந்நகருக்கு வந்து சென்ற ஓர் ஓவியரின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

எட்வர்டு லியர் என்ற பெயரை இங்குள்ள இளைஞர்கள் பள்ளிப்பாடத்தில் கேட்டிருப்பார்கள். ஆந்தையும் பூனையும் படகேறிக் கடல் சென்ற வேடிக்கைப் பாட்டை எழுதியவர் அவரே. பொருளற்ற நகைப்பாட்டுகளால் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவரோ தம்மை நிலக்காட்சி ஓவியர் என்றே கூறிக்கொண்டார். தம் பயண நூல்களின் முகப்பிலும் அப்படியே அச்சிட்டார். பாட்டுகள் பிறர் வீட்டுக் குழந்தைகளை மகிழ்விக்க எழுதியவை. சோறு போட்டது தூரிகை.

1812 மே 12ஆம் நாள் இலண்டனுக்கு வடக்கே ஹாலோவே என்னும் இடத்தில் பிறந்தார். பெற்றோருக்கு இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள். அவர்களுள் இவர் கடைசிக்கு முந்தியவர் என்பர். தந்தை பங்குத் தரகர். அவர் பொருள் இழந்து குடும்பம் நொடித்தபோது, சிறுவனை வளர்க்கும் பொறுப்பு இருபது வயதுக்கு மேல் மூத்த தமக்கை ஆன் என்பவர் மேல் விழுந்தது. அந்த அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்குத் தாயாகவே வாழ்ந்தார். எழுதவும் படிக்கவும், பூவையும் பறவையையும் வரையவும் கற்பித்தவர்கள் வீட்டிலிருந்த தமக்கையரே.

ஐந்தாறு வயதிலேயே லியருக்கு வலிப்பு நோய் கண்டது. அந்நாளில் அது வெளியிற் சொல்லக் கூசிய நோய். அது வருவதை முன்கூட்டியே உணரும் ஆற்றல் அவருக்கு இருந்ததால், ஒவ்வொரு முறையும் அறைக்குள் சென்று கதவடைத்துக் கொள்வார். வந்த நாள்களைத் தம் நாட்குறிப்பில் ஒரு பெருக்கல் குறியிட்டுப் பதிவு செய்தார். நெருங்கிய நண்பர்களுக்கும் அது தெரியாது. இவற்றோடு இழுப்பு நோய், நாளுக்கு நாள் மங்கும் பார்வை, அடிக்கடி சூழும் மனச்சோர்வு. இத்தனையையும் சுமந்துகொண்டு பதினைந்து பதினாறு வயதிலேயே படம் வரைந்து பிழைக்கத் தொடங்கினார். விசிறிகளுக்கும் திரைகளுக்கும் சித்திரம் எழுதினார். மருத்துவர்களுக்காக நோயுற்ற உறுப்புகளைக்கூட வரைந்து கொடுத்தார்.

1830இல், பதினெட்டு வயதில், இலண்டன் விலங்கியற் கழகத்தின் தோட்டத்தில் அமர்ந்து கிளிகளை வரைய அனுமதி பெற்றார். இங்கேதான் நம் கதை தொடங்குகிறது எனலாம். அக்காலத்தில் பறவைப் படம் வரைவோர் பெரும்பாலும் பஞ்சடைத்த உடல்களைப் பார்த்தே வரைந்தனர். பறவை இறந்தபின் கண்ணின் ஒளி போய்விடும். அலகின் நிறம் மங்கிவிடும். நிற்கும் நிலையும் பஞ்சு அடைத்தவன் விருப்பப்படியே அமையும். லியர் உயிருள்ள கிளிகளையே வரைந்தார். காவலர் ஒருவர் கிளியைப் பிடித்துக்கொள்ள, இறக்கையும் காலும் அளந்து குறித்துக்கொள்வார். பின்னர்க் கூண்டின் எதிரே அமர்ந்து, அது தலை சாய்ப்பதையும் இறகு சிலிர்ப்பதையும் பார்த்துப் பார்த்து வரைவார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அந்தக் கூட்டத்தினரின் முகங்களையும் தாளின் ஓரத்தில் கேலியாக வரைந்து வைப்பார்!

அவ்வாறு எழுந்ததே 1832இல் நிறைவுற்ற கிளிகள் நூல். 42 பெரும் படங்கள். கல்லச்சில் எடுத்துக் கையால் வண்ணம் தீட்டியவை. ஒரே பறவைக் குடும்பத்துக்கென்று இங்கிலாந்தில் இப்படி ஒரு வண்ணப்பட நூல் அதற்குமுன் வந்ததில்லை. கல்லின்மேல் படத்தைத் தாமே வரைந்தார். சந்தா சேர்த்தவரும் தாமே. 175 படிகளே அச்சிட்டனர். அச்சானதும் கல்லைத் துடைத்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்த வேண்டிய வறுமை. பதினான்கு பகுதிகளாகத் திட்டமிட்டதைப் பன்னிரண்டோடு நிறுத்தினார். சந்தாதாரர் பலர் பணம் தரத் தாமதித்தனர் என்பதும் ஒரு காரணம். (நம் சங்க மலருக்கு விளம்பரம் திரட்டியவர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வார்கள்.) பணம் வரவில்லை, பெயர் வந்தது. லின்னேயக் கழகம் அவரை இணை உறுப்பினராக ஏற்றது. புகழ்பெற்ற பறவை நூல்களை வெளியிட்ட ஜான் கூல்டு தம் ஐரோப்பியப் பறவைகள் நூலுக்கு அவரைப் பணியில் அமர்த்தினார். அந்நூலின் பெரிய பறவைகளிற் பல லியர் வரைந்தவை; சிலவற்றின்கீழ் அவர் பெயர் இல்லாமற் போயிற்று.

டெர்பி பிரபுவுக்கு லிவர்ப்பூல் அருகே நோஸ்லி என்னும் மாளிகையில் பெரியதொரு விலங்குச்சாலை இருந்தது. அங்குள்ள உயிர்களை வரைய லியரை அழைத்தனர். 1832 முதல் 1837 வரை அங்கே வந்து போய்ப் பணிபுரிந்தார். மாளிகைக் குழந்தைகளுக்காக நகைப்பாட்டுகள் எழுதியதும் அப்பொழுதே. ஆயினும், இறகின் ஒவ்வொரு இழையையும் உற்று நோக்கிய கண்கள் தளர்ந்தன. தீக்கோழியைவிடச் சிறிய பறவை எதுவும் இனித் தம் கண்ணுக்குப் புலப்படாது என்று 1836இல் கூல்டுக்கு வேடிக்கையாக எழுதினார். எழுத்தில் வேடிக்கை, உள்ளே எத்தகைய அச்சம் இருந்திருக்கும்! கண்ணை நம்பிப் பிழைப்பவருக்கு இருபத்துநான்காம் வயதில் வந்த சோதனை அது.

பிரபு கைவிடவில்லை. அவருடைய உதவியால் 1837இல் லியர் ரோமாபுரி சென்றார். சிறகை விட்டு மலையையும் சமவெளியையும் நோக்கினார். அதன்பின் தாய்நாட்டுக்கு அவ்வப்போது விருந்தினர்போல் வந்து சென்றாரேயன்றி, நிலையாகக் குடியிருக்கவில்லை. இத்தாலி, சிசிலி, அல்பேனியா, கிரேக்கம், எகிப்து, பாலத்தீனம், கார்ஃபூ, கிரீட் என்று அலைந்தார். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு அவரது நிலை ஓரளவு விளங்கும்.

இந்த அலைச்சலில் அவர் கைக்கொண்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓரிடத்தை அடைந்ததும், பல காட்சிகளைப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்வார். கண்ணாடியை உயர்த்திவிட்டுத் தொலைநோக்கியால் சிறிது நேரம் நோக்குவார். பிறகு பென்சிலால் விரைந்து வரைவார். கோடுகள் சில, தாளில் வெற்றிடம் மிகுதி. ஓரத்தில் வரிசை எண், ஊர்ப்பெயர், தேதி, நாழிகை ஆகியவற்றைக் குறிப்பார். காலை ஆறரை மணிக்கும் ஏழு மணிக்கும் ஒரே மலை இருவேறு மலைகள் என்பதை அறிந்தவர் அவர். வண்ணம் தீட்ட நேரம் இராது. ஆதலால் அந்தந்த இடத்திலேயே சொல்லால் எழுதிவிடுவார். இங்கே பாறை, இங்கே பசுமை, இங்கே ஆடுகள், இங்கே செம்மை படர்ந்த மணல் என்பன போன்ற குறிப்புகள். எழுத்துப்பிழைகளை வேண்டுமென்றே செய்து அதிலும் விளையாடுவார். குளிர்காலத்தில் அறைக்குத் திரும்பியபின், பென்சில் கோடுகளின்மேல் பழுப்பு மையால் எழுதி, நீர்வண்ணத்தை மெல்லியதாகப் படரவிடுவார். எழுதிய சொற்களை அழிப்பதில்லை. வானத்தின் நீலத்தினூடே அச்சொற்கள் இன்றும் தெரிகின்றன.

இவை தமக்கு மூலப்பொருள் மட்டுமே என்று லியர் கருதினார். கடையில் விற்கும் துணிக்கு இவை பஞ்சு. ஆகவே இவற்றை விற்காமல் பெட்டிகளில் அடுக்கி வைத்தார். வாங்குவோர் கேட்டபோது இவற்றைப் பார்த்து மெருகிட்ட நீர்வண்ணப் படங்களையும் பெரிய எண்ணெய் வண்ணப் படங்களையும் செய்து கொடுத்தார். எண்ணெய் வண்ணத்திலே பெயர் பெறுவதுதான் ஓவியர்க்கு உயர்வு என்று அந்நாள் உலகம் சொல்லியது; அவரும் நம்பினார். 1846இல் விக்டோரியா அரசிக்கே பன்னிரண்டு பாடங்கள் கற்பித்தவர், 1850இல், முப்பத்தேழு வயதில், இலண்டன் கலைக்கழகப் பள்ளியில் இளைஞர்களோடு மாணவராகச் சேர்ந்தார். மனித உருவம் வரையத் தமக்கு வரவில்லை என்ற குறை அவரை அரித்துக்கொண்டிருந்தது.

1852இல் ஹோல்மன் ஹன்ட் என்னும் ஓவியரிடம் சென்று தம் குறிப்புப் படங்களைக் காட்டி, இவற்றிலிருந்து ஓவியம் செய்வது எப்படி என்று கேட்டார். இத்தகைய குறிப்புகளிலிருந்து தம்மால் தீட்ட இயலாது. இயற்கையின் எதிரே அமர்ந்தே தீட்ட வேண்டும் என்று ஹன்ட் கூறிவிட்டார். ஹன்ட் பதினைந்து வயது இளையவர். ஆயினும் லியர் அவரை அன்று முதல் 'அப்பா' என்றே அழைத்தார். அந்த அறிவுரையை எவ்வளவு நேர்மையாகப் பின்பற்றினார் என்பதற்கு ஒரு சான்று: லெபனான் நாட்டுத் தேவதாரு மரங்களை ஒன்பதடி நீளப் படமாகத் தீட்ட விரும்பியபோது, இங்கிலாந்தில் அவ்வகை மரங்கள் நின்ற ஒரு விடுதித் தோட்டத்தைத் தேடிப்பிடித்து, அங்கேயே 1860-61 குளிர்காலத்தைக் கழித்தார்! அதற்கு 700 கினி விலை வைத்தார். வாங்குவார் இல்லை. ஆறாண்டுகள் கழிந்து 200 கினிக்குப் போயிற்று. பிழைப்புக்காக ஒரு குளிர்காலத்தில் அறுபது தாள்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் முதலில் ஒரு வண்ணம், பிறகு அடுத்த வண்ணம் என்று தொழிற்சாலைபோல் தீட்டியதும் உண்டு. அப்படங்களுக்கு 'கொடுங்கோலர்' என்று அவரே பெயரிட்டார். அவற்றில் உயிர் குறைவு என்பது நம் கருத்து. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

இனி அவருடைய இந்தியப் பயணத்துக்கு வருவோம். அவருடைய நண்பரான நார்த்புரூக் பிரபு 1872இல் இந்நாட்டின் வைசிராய் ஆனார். செலவைத் தாம் ஏற்பதாகச் சொல்லி லியரை அழைத்தார். அவ்வாண்டே புறப்பட்டு, சூயஸ் வரை வந்து, மனம் சோர்ந்து திரும்பிவிட்டார். மறு ஆண்டு மீண்டும் புறப்பட்டு 1873 நவம்பர் மாதம் பம்பாயில் இறங்கினார். அறுபத்தொரு வயது, பருத்த உடல், தடித்த கண்ணாடி. உடன் வந்தவர் ஜியார்ஜியோ கொக்காலி என்னும் பணியாளர். கார்ஃபூத் தீவில் 1856இல் பணியிற் சேர்ந்தவர். அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் லியரே.

காசித் துறைகளின் படகும் வண்ணமும் அவரைப் பரவசப்படுத்தின. கிறிஸ்துமஸ் காலத்தில் கல்கத்தா வந்தார். வைசிராய் மாளிகையின் விருந்தும் சடங்கும் அவருக்கு மூச்சுமுட்டின. இந்நகருக்குப் 'பரபரப்பாபாத்' என்று பொருள்படும் ஒரு பெயரைத் தம் மொழியில் புனைந்து சூட்டினார். காலை ஒன்பது மணிக்குப் பேருந்தில் தொங்கிச் செல்வோர் இப்பெயரை மறுப்பார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை!

1874 சனவரியில் தார்ஜிலிங் சென்றார். மலை ரயில் 1881இல் வந்தது. அதற்கு முன்னரே சென்றவர் அவர். பூசை விடுமுறையில் நம்மிற் பலர் அங்கே சென்று, விடியலில் போர்வைக்குள் நடுங்கியபடி கஞ்சன்ஜங்காவுக்காகக் காத்திருந்திருக்கின்றோம். லியரும் அப்படியே காத்திருந்தார். மலை தென்பட்டதும் அவருக்கு முதலில் தோன்றியது மகிழ்ச்சியன்று, திகைப்பு. அவ்வளவு தொலைவில், தெய்வம்போல் எட்டாமல் நிற்கும் ஒன்றை, இடையே மூடுபனி நிறைந்த பள்ளத்தாக்குகளோடு ஒரு தாளில் எங்ஙனம் அடக்குவது? மீண்டும் மீண்டும் வரைந்தார். முன்னே மரங்களும் பெரணியும் மலைவாழ் மக்களும், நடுவே நீலம் நிறைந்த பள்ளம், மேலே வெண்மை என்று அவர் கண்ட தீர்வைப் பின்னாளில் தீட்டிய மூன்று பெரிய எண்ணெய் வண்ணப் படங்களில் காணலாம். அவற்றுள் ஒன்று, 1879இல் தீட்டியது, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது.

ஆக்ரா, தில்லி, சிம்லா, பூனா, ஐதராபாத்து எல்லாம் சுற்றியபின் தெற்கே திரும்பினார். 1874இன் பிற்பகுதியில் சென்னையிலிருந்து மாமல்லபுரம், காஞ்சி, திருச்சி, தஞ்சை ஆகிய இடங்களைக் கண்டு வரைந்தார். நீலகிரி ஏறி இறங்கி மலையாளக் கரைக்கும் சென்றார். சிற்பத்தை எண்ணி எண்ணி வரையும் தொல்பொருள் ஆய்வாளர் அல்லர் அவர். கோபுரமும் அவருக்கு ஒரு குன்று, பனை அதற்கு அளவுகோல். நவம்பரில் இலங்கை சென்றபோது ஜியார்ஜியோ வயிற்றுக்கடுப்பால் உயிருக்குப் போராடினார். லியர் தூரிகையை வைத்துவிட்டுப் பணியாளருக்குப் பணிவிடை செய்தார். 1875 சனவரியில் இருவரும் பம்பாயில் கப்பலேறினர். பெட்டிகளில் நூற்றுக்கணக்கான தாள்கள், நாட்குறிப்பேடுகள்.

எஞ்சிய நாள்களை இத்தாலியில் சான் ரெமோ என்னும் கடற்கரை ஊரில் கழித்தார். வீட்டின் எதிரே ஒரு விடுதி எழும்பி ஓவிய அறையின் ஒளியைக் கெடுத்ததால், பிறிதோரிடத்தில் அதே அமைப்பில் இன்னொரு வீடு கட்டினார். தம் பூனை வழி தவறக்கூடாது என்பதற்காகவே அறைகளை மாற்றவில்லை என்று சொல்வதுண்டு. ஜியார்ஜியோ 1883இல் இறந்தார். பூனை 1887இல் இறந்தது. லியர் 1888 சனவரி 29ஆம் நாள் காலமானார். கல்லறையில் அவருக்கு ஒரு கல்லும், பக்கத்தில் ஜியார்ஜியோவின் நினைவாக ஒரு கல்லும் நிற்கின்றன.

பெட்டிகளில் இருந்த தாள்கள் நண்பர் ஒருவருக்குச் சென்றன. 1929இல் அவை சந்தைக்கு வந்தபோது மலிவாகவே விலைபோயின. அவற்றை ஆர்வத்தோடு சேர்த்த இருவர் 1942இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்துக்கு வழங்கினர். அங்கே 3,500க்கு மேற்பட்டவை உள்ளன; இந்தியப் படங்களிற் பெரும்பகுதியும் இந்திய நாட்குறிப்பும் அங்கேயே இருக்கின்றன. இன்று லியரை நீர்வண்ண ஓவியருள் உயர்ந்தோர் வரிசையில் வைப்பவர்கள் சுட்டிக்காட்டுவது, அவர் விற்காமல் வைத்த அந்த முடிவுறாத தாள்களையே. பாதி வெற்றிடம், மேலே எழுத்து, ஓரத்தில் நாழிகை. ஒன்பதடிப் படத்துக்காக அவர் பட்ட பாட்டை எண்ணும்போது நமக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

கிளிகளைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. தம் நூலில் நீல மக்காக் கிளி ஒன்றை அவர் வரைந்திருந்தார். அதனை ஏற்கெனவே அறிந்த ஓர் இனம் என்றே எண்ணியிருந்தார். 1856இல் போனபார்ட் என்னும் பறவையியலார் அது வேறோர் இனம் என்று கண்டு, லியரின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஆனால் அப்பறவை எந்தக் காட்டில் வாழ்கிறது என்று எவருக்கும் தெரியாது. வணிகர் கையில் ஒன்றிரண்டு வந்து சேரும், அவ்வளவே. 1978இல் ஹெல்முட் சிக் என்பவர் பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத்து வறண்ட நிலத்தில் அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தார். மணற்கல் பாறைச் சுவரின் பொந்துகளில் கூடு கட்டி, ஒருவகைப் பனங்கொட்டையை உண்டு வாழ்ந்த அவை அப்பொழுது நூற்றுக்கும் குறைவு. பாதுகாத்ததன் பயனாக இன்று ஆயிரத்தைக் கடந்துவிட்டன. கூண்டின் எதிரே அமர்ந்த இளைஞன் தான் கண்டதைக் கண்டவாறே வரைந்திராவிடில், பெயர் சூட்ட வந்தவர் எதனோடு ஒப்பிட்டிருப்பார்?

கேள்வி கேட்ட பெரியவர் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். நம் விடை அவருக்குப் போதுமோ போதாதோ அறியோம். கணக்கைப் பாதியில் விட்டால் மதிப்பெண் இல்லை என்பதில் நமக்கும் அவருக்கும் வேறுபாடு கிடையாது. அந்தக் காகத்தின் கழுத்து சாம்பல் நிறம் என்பதை மற்றைய 40 பேரில் எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது மட்டுமே நம் வாதம். காகம் வந்தமர்ந்த சன்னல் எல்லார்க்கும் பொதுவாகத்தான் இருந்தது.

படங்கள் அனைத்தும் கூடத்தின் இடப்புறச் சுவரில் மாட்டப்பட்டுள்ளன. சிற்றுண்டிக்குச் செல்லும் வழியில் காணலாம். பரிசு பெற்ற சிறுமி, வீட்டுக்கு எடுத்துச் சென்று வண்ணம் வைத்து முடித்துத் தருவதாகக் கூறினாள். அதனை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு காகத்தை வரைந்து வருமாறு சொல்லியிருக்கின்றோம்.